சுங்கை சிப்புட்டிலிருந்து ஏ.எம்.சி. கணிதப் போட்டிக்கு: வயது, ஆவணம், செலவு, நாள் கணக்கு

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு காலை, மலேசியாவின் ஈப்போ நகரில் உள்ள ஒரு தேர்வு மையத்தின் வாசலில், என் அக்காள் மகளின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த கண்காணிப்பாளர், அவளுக்கு அந்தத் தேர்வில் அமரும் வயதுத் தகுதி இல்லை என்று சொன்னார். ஐந்து மாதம் படித்துவிட்டு, விடியற்காலையிலேயே சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்பட்டு வந்து, பென்சிலும் கையுமாக நின்ற பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்காணிப்பாளர் சொன்னது விதிப்படி சரி. அந்த விதியை ஜூன் மாதத்திலேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் நாங்கள் வேறு பிரிவில் பதிந்திருப்போம். அதை எங்களுக்குச் சொல்ல இங்கே ஆள் இல்லை. தோட்டப்புறத்திலிருந்தும் சிற்றூர்த் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புகளிலிருந்தும்) இந்தப் போட்டிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உதவட்டும் என்று, நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்த ஏ.எம்.சி. என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

ஏ.எம்.சி. என்ற மூன்றெழுத்துப் பெயரில் இரண்டு போட்டிகள் மலேசியாவில் புழங்குகின்றன. ஒன்று ஆஸ்திரேலியக் கணிதப் போட்டி. அதில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு 30 கேள்விகள், 75 நிமிடம். கடைசி ஐந்து கேள்விகளுக்கு 0 முதல் 999 வரையிலான ஒரு முழு எண்ணை விடையாகக் குறிக்க வேண்டும். மற்றொன்று அமெரிக்கக் கணிதக் கழகம் நடத்தும் அமெரிக்கக் கணிதப் போட்டி. இதில் ஏ.எம்.சி. 8, ஏ.எம்.சி. 10, ஏ.எம்.சி. 12 என்று மூன்று பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐந்து தெரிவுகள் கொண்ட 25 கேள்விகள் வரும். ஏ.எம்.சி. 8-க்கு 40 நிமிடமும் மற்ற இரண்டுக்கும் 75 நிமிடமும் தரப்படும்.

பள்ளியில் ஆசிரியர் "ஏ.எம்.சி.க்குப் பெயர் கொடுக்கலாம்" என்று அறிவித்தால், எந்த நாட்டுப் போட்டி, எந்தப் பிரிவு, எந்த மாதம் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் தாமானில் ஒரு மாணவர் ஆஸ்திரேலியப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அமெரிக்கப் போட்டியின் பழைய வினாத்தாள்களை இரண்டு மாதம் செய்துகொண்டிருந்தார். படித்த கணக்கு வீண்போகாது என்றாலும், மதிப்பெண் விதி வேறு, தேர்வு மாதம் வேறு, தகுதி விதியும் வேறு. இக்கட்டுரை அமெரிக்கப் போட்டியைப் பற்றியது. அதிலும் இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான படிவம் மூன்றிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எழுதும் ஏ.எம்.சி. 10, ஏ.எம்.சி. 12 ஆகிய இரண்டைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது.

2. வயதையும் வகுப்பையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்

நாங்கள் இடறி விழுந்த இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஏ.எம்.சி. 10 எழுத இரண்டு நிபந்தனைகள் உண்டு. மாணவர் பத்தாம் வகுப்பிலோ அதற்குக் கீழோ படிக்க வேண்டும். தேர்வு நாளன்று அவருக்குப் பதினேழரை வயது நிறைந்திருக்கக் கூடாது. ஏ.எம்.சி. 12-க்குப் பன்னிரண்டாம் வகுப்பும் பத்தொன்பதரை வயதும் எல்லை. ஏ.எம்.சி. 8-க்கு எட்டாம் வகுப்பும் பதினான்கரை வயதும் எல்லை. ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் தகுதி இல்லை. கீழ் எல்லை எதுவும் கிடையாது. படிவம் இரண்டு மாணவர் ஏ.எம்.சி. 12 எழுத விரும்பினால் எழுதலாம்.

நம் படிவங்களை அமெரிக்க வகுப்புக்கு மாற்றுவது எளிது. ஆரம்பப்பள்ளி ஆறாண்டோடு படிவத்தின் எண்ணைக் கூட்டுங்கள். படிவம் இரண்டு எட்டாம் வகுப்பு, படிவம் நான்கு பத்தாம் வகுப்பு, படிவம் ஐந்து பதினோராம் வகுப்பு. ஆகவே படிவம் ஐந்து மாணவர், வயது எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏ.எம்.சி. 10 எழுத முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, படிவம் ஒன்றுக்கு முன் மலாய் மொழிக்குப் பழக்கும் புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்த பிள்ளைகளிடத்தில் வருகிறது. அந்த ஓராண்டு அவர்களின் வயதில் சேர்கிறது, வகுப்பில் சேர்வதில்லை. படிவம் நான்கில் சக மாணவர்களுக்குப் பதினாறு வயது என்றால் இவர்களுக்குப் பதினேழு. வகுப்பு நிபந்தனையை மட்டும் பார்த்தால் தகுதி உண்டு என்றே தோன்றும்.

கணக்கு இப்படிப் போட வேண்டும். தேர்வு நாள் 2026 நவம்பர் 5 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பதினேழு ஆண்டும் ஆறு மாதமும் பின்னோக்கிச் சென்றால் 2009 மே 5 வருகிறது. அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவருக்குத் தேர்வு நாளன்று பதினேழரை வயது நிறைந்துவிடும். புகுமுக வகுப்பு படித்து 2026-இல் படிவம் நான்கில் இருப்பவர் பொதுவாக 2009-இல் பிறந்தவர். அவர்களில் ஜனவரி முதல் மே 5 வரை பிறந்தவர்கள் ஏ.எம்.சி. 10 எழுத முடியாது. மே 6 முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் எழுதலாம். ஒரே வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு தோழிகளில் ஒருத்திக்குத் தகுதி இருந்து மற்றவளுக்கு இல்லாமல் போவது இதனால்தான். என் அக்காள் மகள் பிறந்தது மார்ச் மாதம்.

இப்படித் தகுதி இழப்பவர் ஏ.எம்.சி. 12 எழுதலாம், அதற்கு வயது தாராளமாக இடம் தருகிறது. ஆனால் பாடம் கூடுதல். ஏ.எம்.சி. 10-இல் இயற்கணிதம், வடிவியல், எண்ணியல், எண்ணிக்கையும் நிகழ்தகவும் என்ற எல்லைக்குள் கேள்விகள் நிற்கும். ஏ.எம்.சி. 12-இல் மடக்கை, முக்கோணவியல், கலப்பெண் ஆகியவையும் வரும். நுண்கணிதம் இரண்டிலும் வராது. படிவம் நான்கு கூடுதல் கணிதத்தில் மடக்கை வந்துவிடுகிறது. முக்கோணவியல் சார்புகள் படிவம் ஐந்தில்தான் வருகின்றன, கலப்பெண் எஸ்.பி.எம். (படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் அரசுத் தேர்வு) பாடத்திலேயே இல்லை. ஆகவே தகுதிக் கணக்கை ஜூன் மாதத்திலேயே முடித்துவிட்டால், அந்த இரண்டு பகுதிகளையும் தனியே படிக்க அவகாசம் கிடைக்கும். ஒரே நாளில் நடக்கும் இரண்டு தாள்களிலும் சில கேள்விகள் பொதுவாக வருவதால், ஏ.எம்.சி. 10-க்குப் படித்தது வீணாகாது.

படிவம் ஆறு மாணவர்களுக்கும் ஒரு சொல். கீழ்ப் படிவம் ஆறு பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை. ஆனால் புகுமுக வகுப்பும் படித்தவராக இருந்து, ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவராகவும் இருந்தால், பத்தொன்பதரை வயது எல்லை அவரைத் தடுக்கக்கூடும். மேலே சொன்ன கணக்கையே பத்தொன்பது ஆண்டு ஆறு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

3. பிறந்த தேதியையும் பெயரையும் எழுதும் முறை

எங்கள் பதிவு ஏன் முன்பே தடுக்கப்படவில்லை என்று கேட்பீர்கள். காரணம் தேதி எழுதும் முறை. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்கர் மாதம், நாள், ஆண்டு என்று எழுதுகின்றனர். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களோ ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் உள்ளன. மார்ச் 8-ஆம் தேதி பிறந்தவளுக்கு நான் இணையப் பாரத்தில் 08/03 என்று தட்டினேன். பாரம் அதை ஆகஸ்டு 3 என்று எடுத்துக்கொண்டது. ஆகஸ்டில் பிறந்திருந்தால் அவளுக்குத் தகுதி உண்டு. ஆகவே எந்த எச்சரிக்கையும் வரவில்லை. தேர்வு நாளன்று அடையாள அட்டையோடு ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

எனவே பாரத்தில் தேதிக் கட்டத்தின் மேலோ கீழோ எந்த வரிசை கேட்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். நாள்காட்டியைத் திறந்து தேர்ந்தெடுக்க வழியிருந்தால் தட்டாமல் தேர்ந்தெடுங்கள். பதிவு முடிந்ததும் வரும் உறுதி மின்னஞ்சலில் மாதம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணில் இருந்தால், "பிறந்த தேதி மார்ச் 8" என்று மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிப் பதில் அனுப்பி உறுதி வாங்குங்கள். பன்னிரண்டாம் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது, ஏனெனில் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான தேதிகளில் பிறந்தவர்களே கவனிக்க வேண்டும்.

அடுத்தது பெயர். பாரம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. அடையாள அட்டையில் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), தந்தை பெயர் என்று இருக்கும். சாய்கோட்டைப் பல பாரங்கள் ஏற்பதில்லை. முதற்பெயர்க் கட்டத்தில் பிள்ளையின் பெயரையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரையும் எழுதி, ஏ/எல், ஏ/பி இரண்டையும் விட்டுவிடுவது எங்கள் அனுபவத்தில் எளிது. எப்படி எழுதினாலும், ஒரு தாளில் குறித்து வைத்து, அடுத்த ஆண்டும் எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். விடைத்தாளிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும். ஒரு முறை தந்தை பெயரை முன்னால் போட்டு, மறுமுறை பின்னால் போட்டால், முடிவுப் பட்டியலில் ஒரே பிள்ளை இரண்டு பேராக நிற்பாள்.

தயாராக வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் அதிகமில்லை. அடையாள அட்டையின் முன்பக்க, பின்பக்க நகல், பிறப்புப் பத்திரத்தின் நகல், பள்ளியிலிருந்து மாணவர் உறுதிக் கடிதம் ஆகிய மூன்றும் போதும். பள்ளி அலுவலகத்தில் "சுராட் பெங்ஙெசாஹான் பெலாஜார்" என்று கேட்டால் தெரியும். அந்தக் கடிதத்தில் படிவம், கல்வியாண்டு, பிறந்த தேதி மூன்றும் இருக்க வேண்டும். முடிந்தால் "பத்தாம் வகுப்புக்கு இணையானது" என்ற ஒரு வரியை ஆங்கிலத்தில் சேர்த்துத் தரும்படி பணிவாகக் கேளுங்கள்; எங்கள் பள்ளியில் மறுக்கவில்லை. கேட்ட அன்றே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

இந்தப் போட்டிக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. தோட்டப்புறங்களில் ஆவணச் சிக்கலில் உள்ள பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அடையாள அட்டை கைக்கு வராத ஒரே காரணத்தால் அவர்களைப் பெற்றோர் ஒதுக்கி வைத்துவிட வேண்டாம். பள்ளி முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட, புகைப்படம் ஒட்டிய கடிதத்தை ஏற்பார்களா என்று மையத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நேரில் கேட்டுத் தலையாட்டல் வாங்கிக்கொண்டு வந்தால் தேர்வு நாளன்று அது கைகொடுக்காது.

4. எங்கே பதிவது, எவ்வளவு ஆகும்

மாணவர் வீட்டிலிருந்து தானாகவே இந்தத் தேர்வை எழுத முடியாது. ஒரு பள்ளியோ நிறுவனமோ மையமாகப் பதிவு செய்து, பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, கண்காணிப்பில் நடத்த வேண்டும். முதலில் உங்கள் பள்ளியின் கணிதக் குழுத் தலைவரிடம் கேளுங்கள். பள்ளி மையமாக இல்லையென்றால், அருகில் உள்ள நகரத்தில் வெளி மாணவர்களை ஏற்கும் மையத்தைத் தேட வேண்டும். எங்களுக்கு அது ஈப்போ.

கட்டணம் மையத்துக்கு மையம் மாறுவதால் நான் இங்கே ஒரு தொகையைச் சொன்னால் அது உங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்கிறேன். தேர்வுக் கட்டணம் எவ்வளவு, மையத்தின் நிருவாகக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேர்வையும் பயிற்சி வகுப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இரண்டும் சேர்ந்தால்தான் இடம் என்று பேசும் இடங்கள் உண்டு. பயிற்சி வகுப்பு எடுத்தால்தான் தேர்வு எழுதலாம் என்று போட்டியின் விதியில் எங்கும் இல்லை. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளி நூலகத்திலோ அருகில் உள்ள கடையிலோ அச்செடுத்தால் போதும்.

பணத்தைத் தனியாள் கணக்கில் போடாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கி, அனுப்பியதற்கான சான்றைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்தும் வையுங்கள். தகுதி இல்லை என்று பின்னர் தெரிந்தால் பணம் திரும்ப வருமா, பிரிவை மாற்றித் தருவார்களா என்பதைக் கட்டும் முன்பே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஏ.எம்.சி. 10-க்குக் கட்டியது போனது, ஏ.எம்.சி. 12-க்கு மறுபடியும் கட்டினோம். இரண்டு நாள் ஈப்போ பயணம், சாப்பாடு, நகல், புகைப்படம் எல்லாம் சேர்த்து 146 ரிங்கிட் தனியாகச் செலவானது. என் அக்காள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு அந்தத் தொகையின் எடை தெரியும். சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் வரும் குடும்பங்கள், பதிவின் கடைசி நாள் மாத இறுதியில் விழுகிறதா என்று பார்த்து, முந்திய மாதமே ஒதுக்கிவைப்பது நல்லது. கடைசி நாள் கடந்தால் தாமதக் கட்டணம் சேரும்.

5. நாள் கணக்கு

ஏ.எம்.சி. 10, 12 இரண்டும் நவம்பரில் நடக்கின்றன. ஏ நாள், பி நாள் என்று ஏறத்தாழ ஒரு வாரம் இடைவெளியில் இரண்டு முறை வரும். ஒரே நாளில் ஏ.எம்.சி. 10, ஏ.எம்.சி. 12 இரண்டையும் எழுத முடியாது. ஆனால் ஏ நாளில் ஒன்றும் பி நாளில் ஒன்றும் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். எங்கள் மையம் பி நாளையும் நடத்தியதால்தான், அதில் ஓர் இடம் காலியாகவும் இருந்ததால்தான், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள் அடுத்த வாரம் ஏ.எம்.சி. 12 எழுத முடிந்தது. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு நாளும் நடத்துகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூனில் தகுதிக் கணக்கு, ஜூலையில் மையம் தேடுவது, ஆகஸ்டில் பள்ளிக் கடிதம், செப்டம்பரில் பதிவும் பணமும், அக்டோபரில் உறுதி மின்னஞ்சலைச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காது. நவம்பருக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. ஒன்று தீபாவளி. 2026-இல் அது நவம்பர் 8-ஆம் தேதி வருகிறது. பலகாரம் சுடும் வாரத்தில் பிள்ளைக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள், வேலை ஏவாதீர்கள். மற்றொன்று எஸ்.பி.எம். தேர்வு. படிவம் ஐந்து மாணவர்கள் எஸ்.பி.எம். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பெயர் கொடுக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், இந்தப் போட்டியைப் படிவம் மூன்றிலும் நான்கிலும் எழுதி முடித்துவிடுவதே நல்லது.

தேர்வு பெரும்பாலும் பள்ளி நாளில் வருவதால் விடுப்புக் கடிதம் வேண்டும். மையத்தின் அழைப்புக் கடிதத்தை இணைத்து, வகுப்பாசிரியருக்கும் ஒழுங்கு ஆசிரியருக்கும் ஒரு வாரம் முன்பே கொடுங்கள்.

6. மூன்று மொழிச் சொற்களைச் சேர்த்துப் படியுங்கள்

வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும். நம் பிள்ளைகள் ஆறாண்டு தமிழில் கணிதம் படித்து, பின்னர் மலாய் மொழிக்கு மாறியவர்கள். கணக்குத் தெரிந்தும் சொல் தெரியாமல் விட்டுவிடுவது இவர்களுக்குப் பெரிய இழப்பு. நாங்கள் ஒரு நூற்றிருபது பக்க நோட்டுப் புத்தகத்தில் மூன்று கோடு போட்டு எழுதத் தொடங்கினோம். பகா எண், நொம்போர் பெர்டானா, பிரைம் நம்பர் என்று முதல் வரி. காரணி, ஃபக்டோர், ஃபேக்டர். மீதி, பாக்கி, ரிமெய்ண்டர். நாற்கரம், சிசி எம்பாட், குவாட்ரிலேட்டரல். நிகழ்தகவு, கெபாராங்காலியான், ப்ராபபிலிட்டி. ஆகஸ்டு முடிவதற்குள் நூற்றுக்கு மேல் சேர்ந்தன.

பெயர்ச்சொற்களைவிட ஆபத்தானவை சின்னச் சொற்கள். "அட் லீஸ்ட்" என்றால் குறைந்தது, "அட் மோஸ்ட்" என்றால் அதிகம் போனால், "டிஸ்டிங்க்ட்" என்றால் ஒன்றுக்கொன்று வேறான, "கான்செக்யுட்டிவ்" என்றால் அடுத்தடுத்த. இவற்றுள் ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டால் முழுக் கணக்கும் சரியாகப் போட்டு, தெரிவுகளில் உள்ள தவறான விடையில் போய் நிற்போம். கேள்வி அமைப்பவர்கள் அந்தத் தவறான விடையையும் தெரிவுகளில் வைத்திருப்பார்கள்.

7. வெறுமையாக விடுவதற்கும் மதிப்பெண் உண்டு

ஏ.எம்.சி. 10, 12 இரண்டிலும் சரியான விடைக்கு 6, வெறுமையாக விட்டதற்கு 1.5, தவறான விடைக்கு 0. உச்ச மதிப்பெண் 150. பள்ளியில் "ஒன்றையும் காலியாக விடாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு இது புதிது. ஐந்து தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது 6-ஐ 5-ஆல் வகுத்த 1.2, வெறுமையாக விட்டால் கிடைப்பது 1.5. ஒரு தெரிவு நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் 6-ஐ 4-ஆல் வகுத்து 1.5, இரண்டும் சமம். இரண்டு தெரிவுகளை நீக்க முடிந்தால் 6-ஐ 3-ஆல் வகுத்து 2. அப்போது ஊகித்துக் குறிப்பது இலாபம்.

என் அக்காள் மகளுக்கு இதைச் சொல்லியிருந்தேன். ஆனாலும் கடைசி இரண்டு நிமிடத்தில் பழக்கம் வென்றுவிட்டது. ஆறு கேள்விகளுக்கு வெறும் ஊகத்தில் வட்டம் தீட்டினாள். விடைப்பட்டியல் வந்தபின் ஒப்பிட்டதில் ஒன்று சரி, ஐந்து தவறு. ஆறுக்கும் சேர்த்து 6 மதிப்பெண். தொடாமல் விட்டிருந்தால் 9. ஆகவே வீட்டில் பழைய தாள்களைச் செய்யும்போதே வெறுமையாக விடும் பழக்கத்தையும் பழக்குங்கள். கடிகாரம் வைத்து, 75 நிமிடம் முடிந்ததும் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, இந்த விதிப்படியே மதிப்பெண் போடுங்கள்.

ஏ.எம்.சி. 8-இல் இந்த விதி கிடையாது. அங்கே சரிக்கு 1, மற்றவற்றுக்கு 0. தம்பி தங்கைகள் எல்லாக் கேள்விகளுக்கும் குறித்துவிடலாம்.

8. தேர்வு நாள்

பென்சில், அழிப்பான், அளவுகோல், கவராயம், வெற்றுத்தாள் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. கணிப்பான், கைப்பேசி, திறன்கடிகாரம் எதற்கும் அனுமதி இல்லை. பிள்ளை கட்டியிருக்கும் கடிகாரம் எந்த வகை என்று வீட்டிலேயே பாருங்கள். சாதாரண முள் கடிகாரம் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

விடைத்தாளில் வட்டம் தீட்டுவதும் அந்த 75 நிமிடத்துக்குள் அடக்கம். பின்னர் தனி நேரம் தரமாட்டார்கள். வினாத்தாளில் குறித்துவைத்து, கடைசியில் மொத்தமாகத் தீட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒரு வரி தவறினால் எல்லாம் தவறும். ஐந்து கேள்விக்கு ஒரு முறை தீட்டி, கேள்வி எண்ணை வாய்க்குள் சொல்லிச் சரிபார்ப்பது எங்களுக்கு ஒத்துவந்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அதிகத் தொலைவில்லை என்று எண்ணிக் கடைசி நேரத்தில் புறப்படாதீர்கள். பேருந்தை நம்பினால் ஒரு பேருந்து முன்னதாகவே ஏறுங்கள். நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் மழைக்காலம். நாங்கள் இரண்டாம் முறை போனபோது ஆவணங்களையும் மாற்றுக் காலுறையையும் நெகிழிப் பையில் சுற்றி எடுத்துச் சென்றோம். காலுறைதான் முதலில் தேவைப்பட்டது.

எழுதி முடித்ததும் கேள்விகளைப் படம் எடுத்துப் புலனக் குழுவில் போடுவதோ, அன்றே மற்றவர்களோடு விவாதிப்பதோ கூடாது. பிற இடங்களில் தேர்வு முடியாத நேரத்தில் அது விதிமீறல். மதிப்பெண்ணை இழக்க நேரலாம். வண்டியில் திரும்பும்போது பெற்றோர் "என்ன கேட்டார்கள்?" என்று துருவாமல் இருப்பதும் நல்லது.

9. முடிவு வந்தபின்

சான்றிதழ் வந்ததும் முதலில் பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் உடனே மையத்துக்கு எழுதுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பள்ளியின் புறப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து, அந்த ஆண்டின் புள்ளிகள் கணினியில் ஏற்றப்படும் முன் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏ.எம்.சி. 12 எழுதியவர்களில் முதல் 5 விழுக்காட்டினரும் ஏ.எம்.சி. 10 எழுதியவர்களில் முதல் 2.5 விழுக்காட்டினரும் அடுத்த கட்டமான ஏ.ஐ.எம்.இ. தேர்வுக்கு அழைக்கப்படுவர். அது மூன்று மணி நேரம், 15 கேள்விகள். தெரிவுகள் இல்லை, ஒவ்வொரு விடையும் 000 முதல் 999 வரையிலான ஒரு முழு எண். உங்கள் மையம் அதையும் நடத்துமா என்று டிசம்பரிலேயே கேளுங்கள். அதற்கும் மேலே உள்ள அமெரிக்க ஒலிம்பியாட், மலேசியாவில் வாழும் மலேசிய மாணவர்களுக்குத் திறந்ததில்லை; அதைச் சொல்லிப் பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் விலகிப்போங்கள்.

அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டுக்குப் போகும் ஆசை பிள்ளைக்கு இருந்தால் வழி வேறு. மலேசியா 1995 முதல் அதில் கலந்துகொள்கிறது. ஆறு பேர் கொண்ட அணியை உள்நாட்டுத் தேர்வுகளின் வழி தேர்ந்தெடுக்கிறார்கள். ஏ.எம்.சி. மதிப்பெண்ணைக் காட்டி அந்த அணிக்குள் நுழைய முடியாது. மலேசியக் கணித அறிவியல் சங்கம் நடத்திவரும் தேசியக் கணித ஒலிம்பியாட்டின் போங்சு, மூடா, சூலோங் ஆகிய மூன்று பிரிவுகளைப் பற்றியும், அனைத்துலக ஒலிம்பியாட் அணிக்கான உள்நாட்டுத் தேர்வாக 2020 முதல் நடக்கும் ஐ.எம்.ஒ.என்.எஸ்.டி. தேர்வைப் பற்றியும் பள்ளியில் கேளுங்கள். அந்தத் தேர்வின் முதல் கட்டம் குறுவிடை. இரண்டாம் கட்டத்தில் நிறுவல் எழுத வேண்டும், அதற்கு வேறு வகைப் பயிற்சி தேவை. அனைத்துலகப் போட்டியில் வயது எல்லை இருபது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் எழுத முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு போன பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது. என் அக்காள் மகள் இவ்வாண்டு அந்தத் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். பிறந்த தேதிக் கட்டத்தை இம்முறை அவளே நிரப்பினாள். மாதத்தை எழுத்தில் எழுதினாள்.